மாயாபந்தரில் நான் திருடிய மெமரி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

போன வாரம் உங்கள் செக்‌ஷன் ஆபீசர் போர்ட்பிளேர் குட்வில் எஸ்டேட்டில் என் வீட்டைத் தேடி வந்து, "புதுசா வந்திருக்கற பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டுப் போனார். ஏதாவது வீரக்கதை எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். முப்பத்திரண்டு வருஷம் இந்தத் தீவுகளின் அரசு அலுவலகங்களில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவன் நான். அதில் வீரம் என்று சொல்லிக்கொள்ள, ஒரு பெட்டிக்குள் குடித்தனம் நடத்திய தேளை வெளியேற்றியது ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் நான் ஸ்டூல் மேல் ஏறி நிற்கும்போது தானாகவே போய்விட்டது. ஆகவே வீரத்தை விட்டுவிட்டு, நான் திருடிய கதையைச் சொல்கிறேன். பதறாதீர்கள். பென்ஷன் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருக்கிறது.

திருடிய பொருள் ராம், அதாவது மெமரி. பழைய கம்ப்யூட்டரில் அதை எப்படிப் பொருத்துவது என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. நம் ஊருக்கென்று இரண்டு விஷயம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் அதன் பொன்னிறப் பற்கள் பச்சை பூத்துவிடும், பென்சில் ரப்பரால் தேய்த்துவிட்டுப் போடுங்கள். பெட்டியைத் திறந்ததும் கையை விடாதீர்கள், முதலில் பல்லி முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். தொழில்நுட்பம் இத்தோடு முடிந்தது. இனிமேல் வருவது எல்லாம் மனுஷர்கள் சம்பந்தப்பட்டது. அதற்கு வீடியோ கிடையாது.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால் நடந்தது. மாயாபந்தரில் ஒரு துறையின் கிளை அலுவலகம். எந்தத் துறை என்று கேட்காதீர்கள். அங்கே புஷ்பா என்று ஒருத்தி டேட்டா என்ட்ரி வேலை பார்த்தாள். எனக்குத் தங்கை வயது, அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளுடைய குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியது. கல்யாணமாகி மாயாபந்தருக்கு வந்தவள். பதவி என்று பார்த்தால் டெய்லி ரேட்டட் மஸ்தூர், அன்றாடக் கூலி. ஒன்பது வருஷம் ரோட்டோரம் தாவ் என்ற நீளக் கத்தியோடு புல்லும் புதரும் வெட்டினாள். முட்டி தேய்ந்துபோய், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத நிலைமை வந்தபோது, தானாகவே டைப்பிங் கற்றுக்கொண்டு, ஆள் இல்லாமல் காலியாகக் கிடந்த அந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியைப் பிடித்தாள்.

அவளுக்குக் கொடுத்த வேலை, பழைய நில விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. திரையின் ஒரு பக்கம் ஸ்கேன் செய்த படிவம், மறு பக்கம் அதைப் பார்த்து நிரப்ப வேண்டிய கட்டங்கள். அவளுக்குக் கொடுத்திருந்த மெஷினில் இருந்தது இரண்டு ஜி.பி. ராம். அந்தப் பெரிய பெரிய ஸ்கேன்களைத் திறந்தால் அது மூச்சுத் திணறி நின்றுவிடும். ஒரு படிவத்தைத் திறந்துவிட்டு, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்கூட வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு முப்பது படிவம் ஏறினால் பெரிய விஷயம்.

அலுவலகத்தின் தலைவர் கோவிந்தராஜன் சார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், தீவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் பாதித் தமிழும் பாதி இந்தியுமாகத்தான் திட்டுவார். போர்ட்பிளேரிலிருந்து அவருக்கு வாராவாரம் ரிமைண்டர் வந்துகொண்டிருந்தது, வேலை ஏன் முடியவில்லை என்று. அவர் அதை அப்படியே புஷ்பாவின் பக்கம் திருப்பிவிடுவார்.

"மெஷின் எல்லாம் டீக் தான், நல்லாருக்கு. உன் கை தான் ஸ்லோ. தாவ் பிடிச்ச கைக்கு கீபோர்டு எப்படிம்மா வரும்?"

மெமரி கேட்டு அவள் போட்ட இண்டெண்ட், அதாவது கொள்முதல் கோரிக்கை, மூன்று முறை திரும்பி வந்தது. காரணம் போதாது என்று மூன்றிலும் அதே சாரின் கையெழுத்து. கடைசியில் சார் ஒரு கெடு வைத்தார். குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைக்குள் மீதிப் படிவங்கள் ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் அவள் திரும்பவும் ரோட்டு வேலைக்குப் போக வேண்டும். அந்த முட்டியோடு.

அப்போதுதான் நான் அக்கா மகள் கல்யாணத்துக்காக மெயின்லேண்ட் போகப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்தத் தீவில் யார் மெயின்லேண்ட் போனாலும் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிக்கெட் கன்ஃபர்ம் ஆவதற்கு முன்னால் லிஸ்ட் கன்ஃபர்ம் ஆகிவிடும். குக்கர் கேஸ்கட், தைலம், பூட்டுக்குச் சாவி, ஒருவருக்கு அவர் மாமியாரையே கூட்டி வர வேண்டியிருந்தது. அந்த லிஸ்டில் புஷ்பாவின் ராமும் சேர்ந்தது. போனில் சொன்னாள்:

"அண்ணாச்சி, ஆபீஸ் வாங்கித் தராது. நான் சல்லி சேத்து வச்சிருக்கேன். நீங்க அங்கயே நல்லதாப் பாத்து வாங்கிட்டு வாங்க. எனக்கு ரோட்டுல இனிமே குந்தி எழும்ப ஏலாது."

"கவலைய விடு புஷ்பா. நான் இருக்கேம்லா" என்றேன். இந்த வாக்கியத்தை நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள்.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் தெருவில், ஒரு சின்னக் கடை. கடைக்காரர் இரண்டு ராம்களை எடுத்து வைத்தார். இரண்டும் நாலு ஜி.பி., இரண்டும் டிடிஆர் த்ரீ, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று மற்றதில் பாதி விலை.

"இது மட்டும் ஏன் இவ்வளவு கொறச்சல்?" என்றேன்.

"அது வந்துண்ணே, உங்க போர்டு எந்தக் கம்பெனின்னு..."

"டிடிஆர் த்ரீ தானே?"

"த்ரீ தான். ஆனா இது எல்லா போர்டுலயும்..."

"தம்பி, நான் முப்பது வருஷமா மெஷின் பாக்கேன். ஒங்க வயசுக்கு மேல என் ஸ்க்ரூடிரைவருக்கு வயசு. பேசாமப் பொட்டலம் போடும்."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டுப் பொட்டலம் போட்டார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. ஒன்று வாங்கக் கொடுத்த பணத்தில் இரண்டு வாங்கிவிட்டேன் என்ற பெருமையில் நான் கல்யாண வீட்டில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று அக்கா இன்னும் குறை சொல்கிறாள்.

இங்கே ஒரு விஷயம். மெயின்லேண்டில் தப்பான சாமான் வாங்கினால் சாயங்காலமே போய் மாற்றிக்கொள்ளலாம். நமக்கு அது கிடையாது. கடையில் ஏழு நாளுக்குள் மாற்றித் தருவோம் என்பார்கள். அதற்குள் நம் கப்பல் பாதிக் கடலில் இருக்கும். ஒரு முறை கார் நிக்கோபார் தீவுக்கு ஒரு கேபிள் எடுத்துப்போய், முனை சேரவில்லை என்று தெரிந்து, அடுத்த கப்பல் வரும்வரை எட்டு நாள் இளநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கெடு முடியும் வாரத்தில், செவ்வாய்க்கிழமை, சர்வீஸ் டூர் என்று மாயாபந்தரில் போய் இறங்கினேன். புஷ்பா எனக்காக மேஜையைத் துடைத்து வைத்திருந்தாள். பெட்டியைத் திறந்து, பழைய ராமைக் கழற்றி, புதிய இரண்டையும் போட்டு, பட்டனை அழுத்தினேன். மெஷின் மூன்று முறை நீளமாகக் கத்தியது. திரை கறுப்பு.

ரப்பரால் தேய்த்தேன். ஸ்லாட்டை ஊதினேன். மாற்றிப் போட்டேன். ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அதே கத்தல். கடைசியில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ராமின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைக் கிட்டத்தில் வைத்துப் படித்தேன். எறும்பு எழுத்தில், வேறொரு கம்பெனி பிராசஸர் உள்ள போர்டுகளுக்கு மட்டும் என்று இருந்தது. அதனால்தான் பாதி விலை. அந்தக் கடைக்காரர் இதைத்தான் இரண்டு தடவை சொல்ல வந்தார்.

"சரியாகிருமா அண்ணாச்சி?" என்றாள் புஷ்பா. பிஸ்கட் தட்டோடு பக்கத்திலேயே நின்றாள்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். 'தப்பான சாமான் வாங்கிட்டேன், புஷ்பா' என்று நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. பிஸ்கட் தட்டு காரணமில்லை, முப்பது வருஷ அனுபவம்தான் காரணம். "ஆகிரும், செத்த நேரம் குடு. நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா" என்றேன்.

அவள் போனதும் யோசித்தேன். மாயாபந்தரில் இந்த ராம் விற்கும் கடை கிடையாது. போர்ட்பிளேருக்குச் சொல்லி அனுப்பி வரவழைத்தால் கெடு தாண்டிவிடும். அப்போதுதான் என் கண், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கோவிந்தராஜன் சாரின் அறை மேல் போனது. அவருடைய மெஷினும் இதே மாடல், ஒரே லாட்டில் வந்தது. ஒரே வித்தியாசம், அதிகாரிக்கு என்று எட்டு ஜி.பி. போட்டு அனுப்பியிருந்தார்கள். நாலு, நாலாக இரண்டு. உங்களுக்கும் இது போகப் போகத் தெரியும்: எந்த அலுவலகத்திலும் மிக அதிக மெமரி உள்ள மெஷின் எது என்று கண்டுபிடிக்கப் பெட்டியைத் திறக்க வேண்டாம். எந்த கீபோர்டில் எழுத்து தேயவே இல்லையோ, அதுதான்.

சார் அதில் மூன்று காரியம் பார்ப்பார். கப்பல் அட்டவணை, வானிலை, சீட்டாட்டம்.

அன்று அவருக்கு போர்ட்பிளேரிலிருந்து கப்பலில் முருங்கைக்காய் பார்சல் வருவதாக இருந்தது. கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போய்விட்டார். அறைச் சாவி பியூன் தாஸ் தாதாவிடம். பெங்காலி, அவர்களுக்குத் தாதா என்றால் அண்ணன், பரம சாது, ரிட்டயர்மெண்டுக்கு ஆறு மாதம் பாக்கி.

"தாதா, சாப் கா மெஷின் சர்வீஸ் கர்னா ஹை" என்றேன்.

"கர்லோ, கர்லோ. மைன் பாஹர் பைட்தா ஹூன்" என்று வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சர்வீஸ் என்ற சொல்லை நான் எவ்வளவு பொய்யாகச் சொன்னேனோ, அவ்வளவு நல்லெண்ணத்தோடு அவர் கேட்டுக்கொண்டார்.

ஒன்றை மட்டும் எடுத்திருந்தால் இருவருக்கும் ஆளுக்கு நாலு என்று நியாயமாக இருந்திருக்கும். ஆனால் புஷ்பாவிடம் இரண்டு வாங்கியிருக்கிறேன் என்று போனிலேயே பெருமை அடித்துவிட்டேனே! பொய்யைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும். இரண்டையும் கழற்றி அவள் மெஷினில் போட்டேன். அவளுடைய நோஞ்சான் இரண்டு ஜி.பி.யைச் சார் மெஷினில் போட்டு மூடினேன். பாதி விலை மேதைகள் இரண்டும் என் பைக்குள் போயின.

புஷ்பா திரும்பி வந்து மெஷினைத் தட்டினாள். படிவம் உடனே திறந்தது. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இன்னொரு படிவத்தைத் திறந்தாள். அதுவும் திறந்தது. "அம்மாடி" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எதையும் திருடியிருப்பேன் என்று அப்போது தோன்றியது.

அடுத்த மூன்று நாளும் அவள் விரல் நின்று நான் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு முப்பது என்றிருந்தது இருநூறைத் தாண்டியது. நான் அதே ஊரில் மற்ற அலுவலகங்களில் வேலை பார்த்துவிட்டு, நடுநடுவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவேன். பார்ப்பது அவளை மட்டும் இல்லை, கோவிந்தராஜன் சாரையும்தான். எந்த நிமிஷமும் "மேரா மெஷின் க்யோன் ஸ்லோ ஹை?" என்று, தன் மெஷின் ஏன் இழுக்கிறது என்று கேட்டுக் கத்துவார் என எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தவே இல்லை. காலையில் வந்து பட்டனைத் தட்டிவிட்டுச் சாய் குடிக்கப் போவார், திரும்பி வருவதற்குள் அது எப்படியோ எழுந்து உட்கார்ந்திருக்கும். வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "நீ சர்வீஸ் பண்ணினப்புறம் மெஷின் நல்லா குளுகுளுன்னு ஓடுது, ஷாபாஷ்" என்றார். கை கட்டிக்கொண்டு நன்றி சொன்னேன். என் சர்வீஸில் எனக்குக் கிடைத்த ஒரே நேரடிப் பாராட்டு அதுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கடைசிப் படிவமும் ஏறிவிட்டது. பெருமையாக நான் போய் நின்றபோது, புஷ்பாவைச் சார் தன் அறைக்கு அழைத்திருந்தார். பாராட்டத்தான் என்று நானும் உள்ளே போனேன். மேஜை மேல் ஒரு தாள், அவர் கையெழுத்தில் பாதிப் பக்கம்.

"தேகா? பாத்தியா?" என்றார் என்னிடம். "ரெண்டு வருஷமா நடக்காத வேலை மூணு நாள்ல முடிஞ்சிருச்சு. இதுக்கு என்ன அர்த்தம்? இவ்வளவு நாளும் வேணும்னே இழுத்தடிச்சிருக்கா. நான் கெடு வச்சதும் கை தானா ஓடுது. ஹெட் ஆபீஸ் கேக்கறாங்கல்ல ஏன் லேட்டுன்னு? இதோ, காரணம் எழுதிட்டேன். ஊழியர் வேண்டுமென்றே தாமதம். திங்கட்கிழமையிலிருந்து ரோட்டு வேலைக்கு வா."

வேலை முடியாவிட்டால் ரோடு என்றார். முடித்தாலும் ரோடு. அதற்குச் சாட்சியைத் தயாரித்துக் கொடுத்தவன் நான்.

புஷ்பா சொன்னாள்: "சார், நான் இழுத்தடிக்கல. என் சொந்தச் சல்லியில ராம் வாங்கிப் போட்டேன். அதாலதான் ஓடுது. அண்ணாச்சியக் கேளுங்க."

"சர்க்காரி மெஷின்ல சொந்த ராமா? கிஸ்னே பர்மிஷன் தியா? யார் குடுத்தா? எங்க, தொறந்து காட்டு."

மூன்று பேரும் அவள் மேஜைக்கு வந்தோம். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். உள்ளே இருந்த ராம்களின் மேல், ஸ்டாக் நம்பர் பச்சைப் பெயிண்டில் எழுதியிருக்கும், அது அதிகாரி மெஷினின் நம்பர். பெட்டி திறந்தால் புஷ்பாவைத் திருடி என்பார்கள். வாயைத் திறந்தால் என்னைத் திருடன் என்பார்கள். இதைப் படிக்கும் உங்களுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். பென்ஷனுக்கு மூன்று வருஷம் பாக்கி இருக்கும்போது இரண்டு ஸ்க்ரூ கழற்றும் நேரத்தில் எவ்வளவு யோசிக்க முடியும் என்பது அனுபவித்தால்தான் தெரியும். மூன்றாவது ஸ்க்ரூவில் நிறுத்தினேன்.

"சார், தொறக்கதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிக்கிடுதேன். உள்ள இருக்கது ஒங்க ராம்."

"க்யா?"

"செவ்வாக்கெழம நீங்க ஜெட்டிக்குப் போயிருந்தப்ப எடுத்தேன். இதுல இருந்த சின்னத ஒங்க மெஷின்ல போட்டிருக்கேன். புஷ்பாவுக்குத் தெரியாது. தாதாவுக்கும் தெரியாது."

வாசலில் நின்ற தாஸ் தாதா "ஹே பகவான்" என்றார்.

"இது திருட்டு!" என்று கத்தினார் சார்.

"ஆமா சார்."

"ரிப்போர்ட் பண்ணுவேன். உன் பென்ஷன் போயிரும்."

"பண்ணுங்க சார். தேதி மட்டும் செவ்வாக்கெழமன்னு போட்டுருங்க. இன்னிக்கு வெள்ளி. ஒங்க மெஷின்ல முக்கால்வாசி மெமரி போயி மூணு நாளா ஒங்களுக்குத் தெரியலங்கதையும் எழுதணும். ஷாபாஷ் சொன்னதையும் எழுதணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அந்த ரிப்போர்ட்டை ஹெட் ஆபீஸில் யார் யார் படித்துச் சிரிப்பார்கள் என்று சாரின் முகத்திலேயே ஓடியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தக் கெத்தோடு புஷ்பாவின் பக்கம் திரும்பினேன், அவளும் சிரிப்பாள் என்று.

அவள் சிரிக்கவில்லை.

"அப்ப நான் சல்லி குடுத்து வாங்கினது?"

"அது இந்த போர்டுக்குச் சேராது, புஷ்பா. சரியாப் பாக்காம வாங்கிட்டேன்."

"செவ்வாக்கெழமயே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

அவள் சாரை விட்டுவிட்டு என்னிடம் பேசினாள். "ரெண்டு வருஷமா சாரு என் கைதான் மந்தம்னு சொன்னாரு. நானும் நம்பிட்டேன் அண்ணாச்சி. வீட்டுல சும்மா மேசையில வெரல வச்சி அடிச்சி அடிச்சிப் பழகினேன். நீங்க அன்னைக்கே உண்மையச் சொல்லி இருந்தா, ரெண்டு மெஷினையும் பக்கத்துல வச்சி, கையில கோளாறு இல்ல, இதுலதான் கோளாறுன்னு நானே காட்டி இருப்பேனே. நீங்க ஒளிச்சதாலதானே என்னைய இப்படி எழுதுறாரு?"

நான் மறைத்தது என் தப்பை மட்டும் என்று நினைத்திருந்தேன். அவளிடம் இருந்த ஒரே ஆதாரத்தையும் சேர்த்து மறைத்திருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது, அதைப் பூசி மெழுக விரும்பவில்லை.

அவள் சாரிடம் திரும்பினாள். "சார், ஒரே ஒரு ஃபாரம். ஒங்க மெஷின்ல நீங்களே ஏத்துங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

மேற்பார்வைக்கு என்று அதே மென்பொருள் அவர் மெஷினிலும் இருந்தது, திறந்ததுதான் இல்லை. மறுத்திருப்பார். அதற்குள் சத்தம் கேட்டு அலுவலகமே வாசலில் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்தார்.

படிவத்தைத் திறந்தார். வட்டம் சுற்றியது. அவசரத்தில் நாலு தடவை கிளிக் செய்தார், மெஷின் நாலையும் கேட்டுக்கொண்டு ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. தாஸ் தாதா சாய் கொண்டுவந்து வைத்தார். சார் சாயைக் குடித்து முடித்தார். தாதா கிளாஸை எடுத்துக்கொண்டு போனார். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வழியாக ஸ்கேன் வந்தது, பாதி வரை. அவர் விண்ணப்பதாரர் பெயரை அடித்தார், எழுத்துகள் பின்னால் நடந்து வந்தன. ஊர் பெயரை அடித்து, சேவ் செய்தார். திரை முழுவதும் வெளுத்து, எல்லாம் மூடிக்கொண்டது. மறுபடியும் முதலிலிருந்து. நெற்றியில் வியர்வை வழிய அவர் இரண்டாவது முறையும் பெயரை அடித்தார். இரண்டாவது முறையும் வெளுத்தது.

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். "ஹோ ஹி நஹி ரஹா, ஆகவே மாட்டேங்குது" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"இப்படித்தான் சார்" என்றாள் புஷ்பா. "ரெண்டு வருஷம்."

அவள் குரலில் கிண்டல் இல்லை. அது இருந்திருந்தால் சார் சமாளித்திருப்பார் என்று நினைக்கிறேன். எழுதி வைத்திருந்த தாளை எடுத்து, நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "அடுத்த கட்டு ரிஜிஸ்டர் திங்கட்கிழமை வருது. நீயே பாத்துக்கோ. அந்த ராம் அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "க்யா தமாஷா ஹை? ஜாவ், போங்க எல்லாரும்" என்று ஒரு சத்தம் போட்டார். அந்த ஒரு சத்தத்தை அவருக்கு எல்லாரும் விட்டுக்கொடுத்தோம். மனுஷர் அப்படியொன்றும் கெட்டவர் இல்லை. அந்த வட்டத்தின் முன்னால் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் சரியான ராம் இரண்டு, இந்த முறை கடைக்காரர் சொன்னதை முழுக்கக் கேட்டு, என் கைக்காசில் வரவழைத்துப் புஷ்பாவின் பெயருக்கு அனுப்பினேன். கோவிந்தராஜன் சாருக்கு அவருடையது திரும்பப் போனது. சீட்டாட்டம் இப்போது இன்னும் வேகமாக ஓடுவதாகக் கேள்வி.

நான் உங்களுக்குச் சொல்ல நினைத்ததை அவளே எனக்குச் சொல்லிவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலை போர்ட்பிளேர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, ஜன்னல் வழியாக ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தாள். கோபம் போய்விட்டதா என்று கேட்கப் பயமாக இருந்தது. மன்னிப்பு கேட்டேன். பஸ் நகர ஆரம்பித்ததும் கூடவே இரண்டு அடி வந்தாள்.

"அண்ணாச்சி, இனிமே எனக்காகத் திருடுறதா இருந்தா, எங்கிட்ட சொல்லிட்டுத் திருடுங்க."